கண்ட நாடகத்தை மீண்டும் காண்பது ஏன்?

2024ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், விடுப்பு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நாம் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். நமது காலனியில் அடுத்த குடியிருப்பில் வாழும் அன்பர் ஒருவர் நம்மை வாயிலிலேயே நிறுத்தி, "திருவிழாவுக்கு என்ன நாடகம், அண்ணே?" என்று வினவினார். "வள்ளி திருமணம்" என்றோம். "போன தடவையும் அதுதானே சொன்னீர்கள்? கதை தெரிந்ததுதானே! அதற்காகவா ஓர் இரவு முழுதும் கண் விழிக்கப் போகிறீர்கள்?" என்று கூறி நகைத்தார். வண்டிக்கு நேரமாகிவிட்டமையால் அப்போது விடை கூறாது சென்றோம். அன்று கூறாத விடையே இக்கட்டுரை.

நாம் புலவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, பட்டியலும் பதிவேடும் எழுதிப் பழகிய கை நம்முடையது. எனினும் நமது சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இரண்டு பக்கம் எழுதுமாறு செயலாளர் பணித்தபோது, நாம் அறிந்ததும் நாம் விரும்புவதுமாகிய இப்பொருளையே எடுத்துக்கொண்டோம். பிழை காணின் பெரியோர் பொறுத்தருள்க.

கதையும் அதன் பழமையும்

வள்ளி திருமணத்தின் கதையை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. வேடர் தலைவன் நம்பிராசனின் வளர்ப்பு மகளாகிய வள்ளி, தினைப்புனத்தில் பரண் மீது நின்று கவண் வீசிப் பறவைகளை ஓட்டுகிறாள். நாரதர் அவளைக் கண்டு, அவளது அழகையும் அன்பையும் முருகப் பெருமானிடம் உரைக்கிறார். முருகன் வேடனாய் வருகிறான். வேங்கை மரமாய் நிற்கிறான். விருத்தனாய் வந்து தேனும் தினைமாவும் உண்டு விக்கலெடுத்து நீர் கேட்கிறான். தமையனாகிய விநாயகரை யானை வடிவில் வரவழைத்து அவளை அஞ்சச் செய்கிறான். முடிவில் மணம் நிகழ்கிறது.

இக்கதை நேற்றுப் பிறந்ததன்று. முருகனோடு கூடிய வள்ளியைப் பற்றிய குறிப்புச் சங்க நூலாகிய நற்றிணையின் 82ஆம் பாட்டிலேயே உவமையாய் வந்துள்ளது. பின்னர்க் கச்சியப்ப சிவாசாரியார் தமது கந்தபுராணத்தின் இறுதிப் பகுதியில் வள்ளியம்மையின் திருமணத்தை விரித்துப் பாடினார். மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை முதலிய மலையூர்களிலிருந்து இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு, விளைநிலமும் காவற் பரணும் ஏட்டில் மட்டும் கண்டவை அல்ல. அவர்கள் மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியால் மாலை தொடுத்தே முருகன் வள்ளியை மணந்தான் என்பது மலைவாழ் மக்களிடையே வழங்கிவரும் ஒரு கதை. குறிஞ்சி நிலத்துக் கதையைக் குறிஞ்சி நிலத்தார் உரிமையோடு காண்பதில் வியப்பென்ன?

கணக்கர் ஒருவர் தந்த நாடகம்

பழங்கதையை இன்று நாம் மேடையில் காணும் இசை நாடகமாக வகுத்துத் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவர். இவர் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். நாடகத்துறைக்கு வருமுன் அவர் பார்த்த வேலை யாதெனில், தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை! எழுதுகோலும் பதிவேடுமாக வாழும் நம் போன்றோர்க்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சி தருவது. 24ஆம் வயதில் அவ்வேலையை விடுத்து அவர் நாடக மேடைக்குச் சென்றார்.

முதலில் அவர் நடிகராகவே விளங்கினார். எமன், சனீசுவரன், இரணியன், இராவணன் போன்ற கடும் வேடங்களே அவருக்கு உரியவை. அவ்வேடங்களைக் கண்டு அஞ்சிய பெண்டிர்க்குத் தீங்கு நேர்ந்தது என்றும், அதனால் மனம் நொந்த சுவாமிகள் வேடம் புனைவதையே விடுத்து ஆசிரியராக அமைந்தார் என்றும் நாடக உலகினர் கூறுவர். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, அபிமன்யு சுந்தரி என நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் இயற்றினார்.

1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்னும் சிறுவர் நாடகக் குழுவை அவர் தொடங்கினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே அவரிடம் பயின்றவர்களே. அவர்களுள் ஒருவராகிய டி. கே. சண்முகம் 1912ஆம் ஆண்டு பிறந்த ஊர் திருவனந்தபுரம் என்பதை, கேரளத்தில் வாழும் நாம் நினைவிற் கொள்ளலாம். சிறுவர்களை ஒழுங்கில் நிறுத்திச் சொல்லும் இசையும் பிழையாது பயிற்றிய சுவாமிகள் 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் அவருடைய நாடகம் ஊர்தோறும் நடக்கின்றது. அது நிலைத்த விதமே ஆராயத்தக்கது.

ஒத்திகையில்லாத நாடகம்

சிறுவர் கம்பெனிகளில் ஒத்திகை கடுமையாக இருந்தது. ஆனால் இன்றுவரை நம் ஊர்த் திருவிழாக்களில் நடப்பது "ஸ்பெஷல் நாடகம்" எனப்படும் வேறொரு முறை. இதில் கம்பெனி என்பது இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், நாரதர் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுவர். பபூனும் டான்ஸும் தனி. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம் ஆகியவற்றை இசைப்போரும் அவ்வாறே. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் உள்ளன. திருவிழாக் குழுவினர் அங்கே சென்று முன்பணம் கொடுத்து நாள் குறித்து வருவர்.

இவ்வாறு வந்த கலைஞர் பலர் அன்று மாலைதான் ஒருவரையொருவர் காண்பர். ஒத்திகை கிடையாது. இரவு பபூன் மேடையேறினால், விடியற்காலையில் மங்களம் பாடும்வரை நாடகம் தடைப்படாது செல்லும். இஃது எங்ஙனம் இயலும்? சுவாமிகளின் பாடல்களும் காட்சி வரிசையும் அனைவர்க்கும் மனப்பாடம் என்பதனாலேயே இயலும். ஒத்திகையில் கடுமை காட்டிய ஆசிரியரின் நாடகம், ஒத்திகையே இன்றி நடக்குமளவு எல்லார்க்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

பாட்டு சுவாமிகளுடையது, இடையிடையே வரும் பேச்சோ பெரும்பாலும் அன்றைய இரவினுடையது. வள்ளிக்கும் நாரதருக்கும், வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கும் தர்க்கமே நாடகத்தின் உயிர். எந்த வினா வரும், எந்த விடை வரும் என்பது நடிப்பவர்க்கே முன்கூட்டித் தெரியாது. ஒருவர் மடக்குவார், மற்றவர் மீள்வார். இருவரையும் தன் சுருதியில் ஏந்தி நிற்பவர் ஆர்மோனியக்காரர். 1842ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்ற இக்கருவிக்கு, அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை இடமளிக்கவில்லை. நம் நாடக மேடையோ ஒருநாளும் அதனைக் கைவிட்டதில்லை.

ஆகவே, "கதை தெரிந்ததுதானே" என்ற நம் அன்பரின் வினாவுக்கு முதல் விடை இது: கதை தெரிந்தவர்க்கே இந்நாடகம் முழுமையாகச் சுவைக்கும். கதைக்காகக் காண்பவன் ஒருமுறை காண்பான். தர்க்கத்திற்காகக் காண்பவன் ஆண்டுதோறும் காண்பான்.

இரயில் ஏறிச் சென்று கண்ட இரசிகர்கள்

மீண்டும் மீண்டும் நாடகம் காணும் பழக்கத்திற்கும் நமது இரயில்வேக்கும் பழைய தொடர்பு உண்டு. கும்பகோணத்தில் பாலாமணி அம்மையார் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தி வந்தார். அவருடைய நாடகம் காணச் சென்ற கூட்டத்திற்கெனத் தனி வண்டியே விடப்பட்டதாகவும், அதனை மக்கள் "பாலாமணி ஸ்பெஷல்" என்று அழைத்ததாகவும் நாடக வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். அக்கூட்டத்தில் முதன்முறை வந்தோர் மட்டுமா இருந்திருப்பர்?

திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் அதிகாரியாகப் பணிபுரிந்த எஃப். ஜி. நடேச ஐயர், நாடகத்தின் மீது தணியாத காதல் கொண்டவர். இரசிக ரஞ்சன சபையின் வளர்ச்சிக்கு உழைத்தவர். எம். கே. தியாகராஜ பாகவதர், கே. பி. சுந்தராம்பாள் ஆகிய இருவரின் திறனையும் இளமையிலேயே கண்டறிந்தவர் என்ற புகழ் அவருக்கு உண்டு. கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள், சிறுமியாக இரயில் வண்டியில் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் செவியில் அக்குரல் விழுந்தது என்பர்.

அதே சுந்தராம்பாள் 1926ஆம் ஆண்டளவில் இலங்கையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு முதன்முதலாக இணைந்து நடித்த நாடகம் வள்ளி திருமணம். அவர் வள்ளி, கிட்டப்பா வேலன். அன்று தொடங்கிய இணை கடல் கடந்தும் புகழ் பெற்றது. அவர்கள் பாடுவதை மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று இரசிகர்கள் ஊர்விட்டு ஊர் சென்றனர். 1906ஆம் ஆண்டில் பிறந்த கிட்டப்பா 1933 டிசம்பரில் 27ஆம் வயதிலேயே மறைந்தார். அதன்பின் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடையே உடுத்தி வாழ்ந்தார். ஒரு நாடகத்தை அடுத்த ஆண்டு காணலாம் என்று தள்ளிப்போட்டவர்கள், கிட்டப்பாவின் வேலனைப் பின் ஒருபோதும் காணவில்லை.

பறவை ஓட்டிய பாட்டு

வள்ளி திருமணத்தை மக்கள் மீண்டும் மீண்டும் கண்டதற்கு மற்றொரு பெருங் காரணமும் இருந்தது. சிவகாசியில் 1886ஆம் ஆண்டு பிறந்த தியாகி விசுவநாத தாஸ் முருகன் வேடத்தில் மேடையேறுவார். கதையின் நடுவே நாட்டு விடுதலைப் பாடல்களைப் பாடுவார். தினைப்புனத்தில் வந்து இறங்கும் பறவையை ஓட்டும் காட்சி இருக்கின்றதல்லவா? அங்கே அவர் பாடிய வெள்ளைக் கொக்கு யாரைக் குறித்தது என்பதை, எழுத்தறியாத உழவனும் உணர்ந்தான். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் இயற்றிய தேசியப் பாடல்களும் அந்நாளில் நாடக மேடைகளில் முழங்கின.

நாடகங்களைத் தடை செய்வதற்கென்றே ஆங்கில அரசு 1876ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியிருந்தது. போலீசார் வந்து அமர்ந்திருக்கும் கூட்டத்திலும் தாஸ் பாடினார். பலமுறை சிறை சென்றார். மீண்டும் வந்து அதே வேடத்தில் பாடினார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

வள்ளியின் கதை அன்றும் அனைவர்க்கும் தெரிந்ததே. ஆயினும் இன்றிரவு தாஸ் என்ன பாடுவார் என்பது எவர்க்கும் தெரியாது. தெரிந்த கதையின் நிழலில்தான் தெரியாத செய்தி ஒன்றை அச்சமின்றிச் சொல்ல முடிந்தது.

1945ஆம் ஆண்டு ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த ஸ்ரீ வள்ளி திரைப்படம் பெருவெற்றி பெற்றது. அதில் முருகனாக நடித்த டி. ஆர். மகாலிங்கமும் நாடக மேடையில் வளர்ந்தவரே. இனி ஸ்பெஷல் நாடகத்தை யார் பார்ப்பர் என்ற ஐயம் எழக்கூடிய வேளை அது. ஆனால் படத்தில் நாரதர் கேட்ட கேள்வியை மறுநாளும் அப்படியே கேட்பார். அதற்கு வள்ளியும் அதே விடையைத்தான் சொல்வாள். மேடையில் அவ்வாறன்று. படம் வந்த பின்னரும் நாடகம் நின்றமைக்கு இதுவே காரணம் என்பது நம் கருத்து.

பாலக்காடு காட்டும் சான்று

"இவையெல்லாம் தமிழ்நாட்டுச் செய்திகள், கேரளத்தில் வாழும் நமக்கு என்ன?" என்று சிலர் வினவலாம். நாம் வாழும் மண்ணிலேயே இதற்கு விடை உண்டு.

தமிழ் இசை நாடகக் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேரளத்து ஊர்களிலும் வந்து ஆடின. அவற்றின் வழியைப் பின்பற்றி மலையாளத்திலும் இசை நாடகங்கள் எழுந்தன. 1892ஆம் ஆண்டு டி. சி. அச்சுத மேனோன் இயற்றிய சங்கீத நைஷதம் அவற்றுள் பெரும் புகழ் பெற்றது. பாலக்காட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவராய்க் கண்டியில் 1917ஆம் ஆண்டு பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன், சிறுவயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து நாடகம் பயின்றதை நாம் அனைவரும் அறிவோம்.

இவற்றினும் பெரிய சான்று தோல்பாவைக் கூத்து. பாலக்காட்டிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் உள்ள பத்திரகாளி கோயில்களில் இதற்கெனக் கூத்து மாடங்கள் உள்ளன. வரிசையாக ஏற்றிய விளக்குகளின் ஒளியில், தோலாற் செய்த பாவைகள் திரைமீது நிழலாட, இராமாயணக் கதை பல இரவுகள் தொடர்ந்து நடக்கும். சில கோயில்களில் 21 இரவுகள் வரையும் அதற்கு மேலும் நடப்பதுண்டு. அங்கே பாடப்படுவன கம்பரின் தமிழ்ப் பாடல்கள்! பாடுவோர் வீட்டில் மலையாளம் பேசும் புலவர்கள். காளி தாரிகனோடு போர் புரிந்துகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காண இயலவில்லை என்றும், அவள் காண்பதற்காகவே இக்கூத்து ஆண்டுதோறும் நடக்கின்றது என்றும் கூறுவர். அதனால் எதிரே ஒரு மனிதரும் இல்லாத இரவிலும் கூத்து நிற்பதில்லை.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தமிழ் பேசாத வீடுகளில் கம்பரின் தமிழ் பல தலைமுறைகளாக அழியாது நிற்பதற்குக் காரணம், ஆண்டுதோறும் அதே கூத்தை, அதே வரிசையில், மீண்டும் நிகழ்த்தியமையே. மீண்டும் சொல்லப்படுவது நிற்கும். ஒருமுறையோடு விடப்படுவது போகும். அங்கே காண்பதற்குக் காளி இருக்கிறாள். வள்ளி திருமணத்திற்கோ நம்மை விட்டால் வேறு யாருமில்லை.

நாம் கண்ட இரவுகள்

நமது தந்தையார் திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒலவக்கோட்டிற்கு வந்து, இருப்புப்பாதையில் கேங்மேனாக உழைத்து ஓய்வு பெற்றவர். 1990ஆம் ஆண்டு, நமக்கு 9 வயது நிரம்பியபோது, மீட்டர் கேஜ் வண்டியில் கொல்லங்கோடு, பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாக நம்மைத் திருவிழாவுக்கு அழைத்துச் சென்றார். பபூன் வந்தபோது சிரித்தோம். பின்னர் அவர் மடியிலேயே உறங்கிவிட்டோம். நள்ளிரவுக்குப் பின் அவர் நம்மைத் தட்டி எழுப்பி, "தர்க்கம் வந்துவிட்டது, எழுந்திரு" என்றார். பசித்த பறவையை ஓட்டுவது பாவமன்றோ என்று நாரதர் கேட்டார். உழுதவன் பிள்ளை பசித்திருக்கும்போது பறவைக்குப் படைப்பது எந்த அறம் என்று வள்ளி திருப்பிக் கேட்டாள். கூட்டம் ஆரவாரித்தது. அவ்வினாவும் விடையும் இன்றும் நம் நெஞ்சில் உள்ளன.

மணமான புதிதில் 2007ஆம் ஆண்டு மனைவியோடு சென்று கண்டோம். அடுத்த ஆண்டின் இறுதியில், அகலப் பாதை அமைக்கும் பணிக்காகப் பொள்ளாச்சிப் பாதையில் வண்டிகள் நின்றன. 2015ஆம் ஆண்டு நவம்பரில்தான் பாலக்காடு – பொள்ளாச்சிப் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தந்தையார் இருமுறை பேருந்தில் சென்றுவந்து, உடல் தாங்காமையால் நிறுத்திக்கொண்டார். திருவிழா இரவு வரும்போதெல்லாம் குடியிருப்பின் திண்ணையில் அமர்ந்து, "இந்நேரம் நாரதர் வந்திருப்பார்" என்று தமக்குத் தாமே கூறிக்கொள்வார். 2016ஆம் ஆண்டு புதிய வண்டியில் அவரை அழைத்துச் சென்றோம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் திருவிழாக்கள் நின்று, மேடைகள் இருண்டு, நாடகக் கலைஞர் பட்ட இன்னல் நாடறிந்தது.

2024ஆம் ஆண்டு தந்தையாரும், 8ஆம் வகுப்பில் படிக்கும் நம் மகளும் உடன் வந்தனர். மகள் பள்ளியில் கற்பது ஆங்கிலமும் மலையாளமும். தமிழை வீட்டில் பேசுவாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆலோலம் பாடும் காட்சியில் அவளுக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. தந்தையார் அவள் காதருகே குனிந்து, மேடையில் வரும் முன்பே ஒவ்வோர் அடியையும் சொல்லிப் பொருளும் கூறினார். மூன்று உலகச் செய்தியையும் சுமந்து திரியும் நாரதரைப் பார்த்து, "உமது கையில் இருப்பது வீணையா, செல்பேசியா?" என்று வள்ளி கேட்டபோது, மகள் எவர் உதவியும் இன்றி வாய்விட்டுச் சிரித்தாள். அதன் பின் அவள் உறங்கவில்லை.

விடிந்து மங்களம் பாடியபின் தந்தையார் கோலூன்றி மேடையருகே சென்று, ஆர்மோனியக்காரரிடம், "விருத்தர் வரும் இடத்தில் ஒரு பாட்டை விட்டுவிட்டீர்களே, வாத்தியாரே?" என்று கேட்டார். அவர் எழுந்து நின்று, "ஆமாம், ஐயா. பத்து வருஷமாக அதை யாரும் கேட்பதில்லை. கேட்பவர் இருந்தால் பாடுவோம்" என்றார். பிறகு பெட்டியை மூடப் போனவர் மூடாமல், அப்பாட்டின் முதற் பகுதியை மெல்ல வாசித்தார். தந்தையார் நின்றபடியே முழுவதும் பாடினார். திரும்பி வரும் வழியில் மகள் அவரிடம், "தாத்தா, அந்தப் பாட்டை எனக்கு எழுதித் தருவீர்களா?" என்றாள். பழனி வருமுன் ஒரு பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் அவர் அதனை எழுதி முடித்தார்.

நாம் செய்யத்தக்கது

கேட்பவர் இருந்தால் பாடுவோம் என்ற அந்த ஒரு சொல்லே நம் அன்பரின் வினாவுக்கு முடிந்த விடை. முன்பு கண்டவன் மீண்டும் வந்து அமர்ந்தால்தான், விடுபட்டது எது என்று கேட்க ஒருவர் இருப்பார். புதிதாய்க் காண்பவனுக்கு விடுபட்டது தெரியாது. இவ்வாறு கேட்பாரின்றி ஆண்டுக்கொரு பாட்டு விடுபடின், பெயர் மட்டும் வள்ளி திருமணமாய் நிற்கும்.

இடர்கள் இல்லாமலில்லை. ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு மேல் கட்டுப்படுத்தும் 2000ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. முழு இரவு கண் விழிக்க இன்றைய வேலை முறை இடந்தருவதில்லை. எனினும் வழி உண்டு. நமது சங்கம் ஆண்டு விழாவில் மெல்லிசைக் கச்சேரிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, நாரதர், வள்ளி, வேலன் ஆகிய மூவரையும் ஆர்மோனியம், மிருதங்கத்தோடு அழைத்து, மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை தர்க்கப் பகுதியையேனும் நடத்தலாம். அதற்கு முன் ஒரு ஞாயிறு காலையில் முதியோர் அமர்ந்து கதையையும் பாட்டின் பொருளையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அவற்றின் மாணவரையும் அழைக்கலாம். மலையோர அன்பர்களுக்குப் போடிநாயக்கனூர் வரை 2023ஆம் ஆண்டு ஜூன் முதல் அகலப் பாதையில் வண்டி ஓடுகின்றது; திருவிழாக் காலத்தில் மதுரைப் பக்கம் சென்று காண்பது முன்போல் அரிதன்று. முக்கியமானது ஒன்றே: அடுத்த ஆண்டும் அதே நாடகத்தையே வைக்க வேண்டும். புதிது வேண்டும் என்று மாற்றிவிடலாகாது.

மூணாற்று மலையில் 2006ஆம் ஆண்டும் 2018ஆம் ஆண்டும் குறிஞ்சி பூத்தது. இனி 2030ஆம் ஆண்டு பூக்கும் என எதிர்பார்க்கின்றனர். ஒருமுறை கண்டவர் மறுமுறை காணாதிருப்பதில்லை. கண்டதுதானே என்று எவரும் அதனைச் சொல்வதுமில்லை. நம் நாடகத்தையும் அவ்வாறே எண்ணுவோமாக.

தந்தையாருக்கு இப்போது செவி சற்று மந்தம். எனினும் வரும் சித்திரைக்கு இருக்கை முன்பதிவு செய்யுமாறு நம்மிடம் கூறிவிட்டார். நான்கு இருக்கைகள் போதும் என்றோம். "ஐந்தாகப் பதிவு செய், உன் அடுத்த வீட்டுத் தம்பியையும் அழைத்து வா" என்றார்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!